தொண்டையில் வந்தது வயிற்றுத் தோலுக்கு எப்படிப் போனது?

2023 ஜூன் 11

நேராகவே கேட்கிறேன். அண்ணனுக்குக் குரல்வளையில் புற்றுநோய். குரல்வளை முழுவதையும் எடுத்தார்கள், கழுத்தில் இருபுறமும் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்தார்கள், பிறகு ரேடியேஷன். கழுத்து சுத்தம் என்று ஸ்கேன் சொல்கிறது. இப்போது வயிற்றில், இடது விலாவுக்குக் கீழே, முன்பு உணவு டியூப் இருந்த இடத்தில் ஒரு கட்டி. பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. தொண்டையில் இருந்த அதே வகை.

நுரையீரலுக்குப் போகும், எலும்புக்குப் போகும், கல்லீரலுக்குப் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வயிற்றுத் தோலுக்கு எப்படிப் போகும்? சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வாக்கியம்தான் சொல்கிறார்கள்: "கத்தி பட்டுச்சு, பரவிடுச்சு." டாக்டரும் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "ஆபரேஷனால் பரவாது." எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?

2023 ஜூன் 11, இரவு

விவரம் கேட்டவர்களுக்காக. கண்டுபிடித்தபோதே ஸ்டேஜ் 4ஏ. கட்டி குரல் நாண்களுக்குக் கீழேயும் இறங்கியிருந்தது. மூச்சு அடைத்ததால் பெரிய ஆபரேஷனுக்கு முன்பே அவசரமாக ட்ரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை. விழுங்க முடியாததால் பெக் டியூப் (வயிற்றுத் தோலைத் துளைத்து இரைப்பைக்குள் வைக்கும் உணவு டியூப்), அதுவும் முன்பே. அதாவது கட்டி தொண்டையில் இருக்கும்போதே டியூப் போட்டுவிட்டார்கள். இந்த வரிசையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இதில்தான் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறுத்துகிறது.

2023 ஜூன் 13

கட்டி எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் யாருமே அதைக் கட்டி என்று சொல்லவில்லை.

டியூபை எடுத்த பிறகு ஓட்டை முழுசாக மூடவில்லை. விளிம்பில் மாதுளை முத்து போலச் சிவப்பாக, ஈரமாக ஒரு சதை துருத்திக்கொண்டு நின்றது. துணி பட்டாலே ரத்தம் கசியும். "இது கிரானுலேஷன், புண் ஆறும்போது வருகிற சதைதான்" என்று ஒரு குச்சியின் நுனியால் சில்வர் நைட்ரேட் தடவினார்கள். சாம்பல் நிறமாகக் கருகி உதிர்ந்தது. மறுபடி வளர்ந்தது, மறுபடி தடவினார்கள். இது நெடுநாள் ஓடியது. எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப்போவதில்லை, கேட்காதீர்கள்.

அண்ணனுக்குப் பேச்சு கிடையாது, சின்ன வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதிக் காட்டுவார். ஒருநாள் சட்டையைத் தூக்கி, என் விரலைப் பிடித்துச் சிவப்புச் சதையின் மேல் வைக்காமல் அதன் பக்கத்துத் தோலில் வைத்து அழுத்தினார். மேலே மெத்தென்று இருந்ததற்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று. நகரவில்லை. பலகையில் எழுதினார்: "மேல இருக்கிறது சதை. கீழ இருக்கிறது வேற."

அதற்குப் பிறகுதான் பயாப்ஸி.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு நாலு பேர் ராத்திரி தூங்காமல் இருக்கக் கூடாது. டியூப் போட்ட இடத்தில் சிவப்புச் சதை வளர்வது மிக மிகச் சாதாரணம். டியூப் வைத்திருப்பவர்களில் நிறையப் பேருக்கு வரும், புற்றுநோயே இல்லாதவர்களுக்கும் வரும். சந்தேகப்பட வேண்டியது எதை? மருந்து தடவியும் திரும்பத் திரும்ப வளர்வது, அடியில் கெட்டியாக இருப்பது, வலி கூடிக்கொண்டே போவது. அப்படி இருந்தால் தடவிக்கொண்டே இருக்காமல் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

2023 ஜூன் 17

கிடைத்துவிட்டது. இதற்குத் தனிப் பெயரே வைத்து, பல பத்தாண்டுகளாகக் குறித்து வருகிறார்கள். தொண்டைப் புற்றுநோயாளியின் வயிற்று டியூப் இடத்தில் அதே புற்று தோன்றியது முதன்முதலில் 1989-இல் பதிவாகியிருக்கிறது. பெக் முறையே 1980-இல்தான் வெளியானது, காடரர், பான்ஸ்கி என்ற இரண்டு டாக்டர்கள் செய்தது. முறை வந்து பத்து வருஷம் ஆவதற்குள் இந்தப் பின்விளைவும் கண்ணில் பட்டுவிட்டது.

டியூபை எப்படி வைக்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும். வழக்கமான முறை, இழுக்கும் முறை. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை (நுனியில் கேமரா உள்ள குழாயை) வயிற்றுக்குள் இறக்குவார்கள். வெளியே வயிற்றுத் தோலில் ஊசியால் குத்தி ஒரு நூலை உள்ளே விடுவார்கள். எண்டோஸ்கோப் அந்த நூலைக் கவ்விக்கொண்டு வாய் வழியாக வெளியே வரும். நூலின் நுனியில் டியூபைக் கட்டி, வயிற்றுப் பக்கத்திலிருந்து இழுப்பார்கள். டியூப் வாய்க்குள் போய், தொண்டை வழியாக இறங்கி, உணவுக்குழாயைத் தாண்டி, இரைப்பையின் சுவரைத் துளைத்துத் தோலுக்கு வெளியே வரும். கடைசியில் இருக்கும் பிளாஸ்டிக் வட்டு உள்ளே இரைப்பைச் சுவரில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது தொண்டையில் புண்ணாகி உதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு கட்டி இருக்கிறது என்று வையுங்கள். அந்த வட்டு அதை உரசிக்கொண்டுதான் இறங்குகிறது. உரசிய கையோடு நேராகப் புது ரத்தக்காயத்துக்குள் போய் உட்கார்கிறது. வேறு விளக்கம் வேண்டுமா?

இழுத்து வைத்த டியூபையும் அந்தத் துளையையும் சிறு பிரஷ்ஷால் துலக்கிச் சோதித்த ஆய்வுகளில் புற்றணுக்கள் கிடைத்திருக்கின்றன. ஆனாலும் கட்டியாக வளர்வது நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்றுதான் பெரும்பாலான கணக்குகள் சொல்கின்றன. ஒட்டுகிற செல் எல்லாம் முளைப்பதில்லை. அண்ணனுக்கு முளைத்தது.

2023 ஜூன் 18

"அப்போ கத்தி இல்லை, நூல்தான் காரணமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அண்ணனிடம் காட்டினேன். பலகையில்: "கத்தி மேல போட்ட கேஸ் வாபஸ்."

2023 ஜூன் 24

ஒரு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கத்திப் பேச்சை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அதை நம்பி ஆபரேஷனே வேண்டாம் என்று ஓடிப்போனவர்களை எனக்குத் தெரியும். இந்த இழையைப் படித்துவிட்டு இன்னொருவர் அப்படி ஓடினால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

காற்றுப் பட்டால் புற்று பரவும் என்பது வெறும் பேச்சு. குரல்வளைக் கட்டி நாள் முழுக்கக் காற்றில்தான் இருக்கிறது, ஒவ்வொரு மூச்சும் அதன் மேல்தான் போய் வருகிறது. காற்றுதான் பிரச்சினை என்றால் ஆபரேஷன் வரை காத்திருக்குமா? இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றும் ஊகிக்க முடிகிறது. சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளியைப் படம் எடுத்ததே 1971-இல். அதற்கு முன்பு திறந்து பார்த்தால்தான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். திறந்தார்கள், எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்தது, மூடினார்கள், ஆள் சீக்கிரம் போய்விட்டார். பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்?

செல்கள் ரத்தத்தில் கலப்பது நிஜம்தான். ஆபரேஷனின்போது கொஞ்சம் கூடுதலாகவும் கலக்கலாம். ஆனால் கலந்தால் போதாது. 1970-இல் ஃபிட்லர் என்ற ஆய்வாளர் கதிரியக்க அடையாளம் இட்ட மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்று) செல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். ஒரு நாளுக்குள் மிகப் பெரும்பாலானவை செத்துவிட்டன. இதற்கும் ரொம்ப முன்னால், 1889-இல், லண்டனில் ஸ்டீபன் பேஜெட் 735 மார்பகப் புற்றுநோய்ப் பிரேதப் பரிசோதனைகளை எடுத்து வைத்துப் பார்த்து, பரவல் கண்டபடி நடப்பதில்லை, சில உறுப்புகள்தான் இடம் கொடுக்கின்றன என்றார்.

ஆறிக்கொண்டிருக்கும் காயம் அப்படி இடம் கொடுக்கிற ஒன்று. புது ரத்தக் குழாய் முளைக்கிறது, வளர்ச்சிக்கான ரசாயனங்கள் ஊறுகின்றன. புண் ஆறுவதற்காக உடம்பு செய்வது எல்லாம் அங்கே வந்து சேர்ந்த செல்லுக்கும் உதவும்.

அதனால் என் நிலை: ஆபரேஷனால் புற்று பரவும் என்று பொதுப்படையாகச் சொல்வது தவறு. செய்யாமல் விட்டால் பரவுவது நிச்சயம். ஆனால் ஆபரேஷனும் அதைச் சுற்றி நடப்பவையும் சில குறிப்பிட்ட பாதைகளைத் திறந்துவிடுகின்றன. அந்தப் பாதைகள் அரிது, ஆனால் எண்ணி எழுதிவிடக் கூடியவை. டாக்டர் "பரவாது" என்று முடித்துவிடாமல் "இந்த இந்த இடத்தைக் கவனியுங்கள்" என்று சொல்லியிருந்தால், சில்வர் நைட்ரேட்டில் அத்தனை நாள் போயிருக்காது. எனக்கு அதில்தான் வருத்தம்.

2023 ஜூலை 2

பாதைகளை எழுதுகிறேன் என்றேன் அல்லவா, குரல்வளை எடுத்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஸ்டோமா. கழுத்தில் இருக்கும் மூச்சுத் துளை. அதன் விளிம்பிலேயே புற்று திரும்ப வருவது உண்டு. வயிற்றில் வருவதைவிட இது எவ்வளவோ அதிகம்.

யாருக்கு வாய்ப்பு கூடுதல்? கட்டி குரல் நாண்களுக்குக் கீழே இறங்கியிருந்தவர்களுக்கு. ஆபரேஷனுக்கு முன்பே ட்ரக்கியாஸ்டமி செய்தவர்களுக்கு. மூச்சுக்குழாயை ஒட்டிய நெறிகளில் புற்று இருந்தவர்களுக்கு. அண்ணனுக்கு முதல் இரண்டும் உண்டு.

முன்கூட்டிச் செய்த ட்ரக்கியாஸ்டமிதான் செல்களைத் துளையில் விதைக்கிறதா, அல்லது மூச்சை அடைக்கும் அளவுக்குப் பெரிய கட்டி என்பதால் இயல்பாகவே திரும்ப வருகிறதா என்று டாக்டர்களுக்குள் நெடுங்காலமாக வாதம் இருக்கிறது. மூச்சு நின்றுபோகும் நிலையில் இதை யோசித்துக்கொண்டு நிற்க முடியாது என்பது வேறு விஷயம். அன்றைக்கு அந்தத் துளை போடாமல் இருந்திருந்தால் இந்த இழையை எழுத எனக்குக் காரணமே இருந்திருக்காது.

சிசன் என்பவர் 1975-இல் இதை நான்கு வகையாகப் பிரித்தார். துளையின் மேல் பாதியில் மட்டும் இருந்தால் முதல் வகை. அதோடு உணவுக்குழாயும் சேர்ந்தால் இரண்டாவது. கீழ்ப் பாதியில் தொடங்கி நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கினால் மூன்றாவது. பக்கவாட்டில் காறை எலும்புக்கு அடியில் போனால் நான்காவது. முதல் இரண்டுக்கு மறு ஆபரேஷன் செய்து பிழைக்க ஓரளவு வாய்ப்பு உண்டு, பின் இரண்டுக்கு மிகக் குறைவு. ஆகவே சின்னதாக, மேல் விளிம்பில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் காலையில் நடப்பது: அண்ணி டார்ச் பிடிப்பார். அண்ணன் கண்ணாடி முன் தலையை நிமிர்த்தி உட்கார்வார். முதலில் உப்புநீர் சொட்டி, காய்ந்த சளிப் பொருக்கை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பொருக்கையே கட்டி என்று நினைத்து அலற நேரும் (நேர்ந்தது). பிறகு விளிம்பைச் சுற்றிச் சுத்தமான விரலால் ஒரு தடவல். மேல் விளிம்பில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம். புதுத் தடிப்பு, ரத்தம், துளை சுருங்குவது, இருக்கிற டியூப் திடீரென்று உள்ளே போகாமல் இறுகுவது, இவைதான் பார்க்க வேண்டியவை.

2023 ஜூலை 2, பிற்பகல்

"இந்த ஆபரேஷனை முதலில் யார் செய்து தொலைத்தது?" என்று கேட்ட நண்பருக்கு: பில்ரோத், வியன்னாவில், 1873-இன் கடைசி நாளில். புற்றுநோய்க்காகக் குரல்வளை முழுவதையும் எடுத்த முதல் ஆபரேஷன் அதுதான் என்கிறார்கள். நோயாளி பிழைத்தார், செயற்கைக் குரல் கருவிகூடப் பொருத்தினார்கள். ஆனால் சில மாதங்களில் புற்று திரும்பி வந்து இறந்துவிட்டார். ஆக, ஆபரேஷனுக்கு எவ்வளவு வயதோ, "அப்புறம் திரும்பி வந்ததே" என்ற பேச்சுக்கும் அவ்வளவு வயது.

2023 ஜூலை 19

வயிற்று ஆபரேஷன் முடிந்தது. தோல், தசை, இரைப்பைச் சுவரில் ஒரு பகுதி எல்லாம் சேர்த்து அகலமாக வெட்டி எடுத்தார்கள். பெட் ஸ்கேனில் வேறு எங்கும் இல்லை என்பதால்தான் இதற்கே ஒத்துக்கொண்டார்கள், வேறிடத்திலும் இருந்திருந்தால் வெட்டுவதில் பொருளில்லை என்றார் சர்ஜன். வெட்டி எடுத்ததன் விளிம்பில் புற்று இல்லை என்று அறிக்கை. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

2023 ஜூலை 27

இந்தச் சர்ஜன் பேசுகிற மனிதர். அதனால் ஒன்று கேட்டேன்: கழுத்தை மூட நெஞ்சிலிருந்தோ தொடையிலிருந்தோ சதை எடுத்து வைக்கிறார்களே, அந்த எடுத்த இடத்துக்கும் இப்படிப் போகுமா? போயிருக்கிறது என்றார். மிக அரிது, ஆனால் சதை எடுத்த இடத்தில் புற்று முளைத்த நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். கட்டியைத் தொட்ட கையுறையும் கருவியும் அங்கே போகக் கூடாது என்பதால் தனிக் கருவித் தட்டு, கையுறை மாற்றம் எல்லாம் வைத்திருக்கிறார்களாம். "நாங்கள் பயப்படாத விஷயத்துக்கு விதி வைக்க மாட்டோம்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஊசி பயாப்ஸி பற்றிப் பயந்தவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கழுத்துக் கட்டியில் மெல்லிய ஊசி குத்தி எடுப்பதால் பாதையில் புற்று விதைபடுவது அரிதிலும் அரிது. தயங்காமல் செய்யலாம். மாறாக, மூலக் கட்டி எங்கே என்று தொண்டையைத் தேடிப் பார்க்காமல், கழுத்து நெறியை நேராக வெட்டித் திறந்து எடுப்பதைத்தான் முதல் வேலையாகச் செய்யக் கூடாது என்கிறார்கள்.

2023 ஆகஸ்ட் 6

கேள்விகள் சேர்ந்துவிட்டன. நான் டாக்டர் இல்லை, படித்ததையும் கேட்டதையும்தான் சொல்கிறேன்.

அப்பாவுக்கு அக்குளில் நெறி என்று எழுதிய தங்கைக்கு. தொண்டைப் புற்று சாதாரணமாக அக்குளுக்குப் போகாது, சரிதான். ஆனால் கழுத்து நெறிகளை எடுத்து, ரேடியேஷனும் கொடுத்த பிறகு நிணநீர் பழைய வழியில் ஓட முடியாது. பாலம் உடைந்த ஆறு மாதிரி வேறு வழி தேடும். தோலுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய குழாய்கள் வழியாக எதிர்ப்பக்கக் கழுத்துக்கும், நெஞ்சுத் தோலுக்கும், அக்குளுக்கும் திரும்பும். அப்படி அக்குளில் வந்தவர்கள் உண்டு. கழுத்திலோ மேல் நெஞ்சிலோ தோல் சிவந்து தடித்துப் பரவினால் அதைக் கிருமித் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் மட்டும் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, அதுவும் நிணக்குழாய் வழிப் பரவலாக இருக்கலாம். அக்குள் நெறி வேறு காரணத்தாலும் வரும். ஊசி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டான்சில் புற்று, எச்.பி.வி. பாசிட்டிவ், சிகிச்சை முடிந்து பல வருஷம் கழித்துத் தலைத் தோலில் முடிச்சு என்று எழுதியவருக்கு. எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது பொதுவாக நன்றாகக் குணமாகிற வகை. ஆனால் அதில் பரவுகிற சிலருக்குப் பரவல் தாமதமாகவும், எதிர்பாராத இடங்களிலும் வருவது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. தோல், மூளை, ஒரே நேரத்தில் பல உறுப்புகள். மற்றத் தொண்டைப் புற்று திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் திரும்பிவிடும். "அஞ்சு வருஷம் ஆச்சு, இனிமேல் வராது" என்ற கணக்கு இவர்களுக்கு அவ்வளவு உறுதியாகப் பொருந்தாது.

நுரையீரலில் ஒற்றைப் புள்ளி என்று பயப்படுபவருக்கு. அது பரவலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு பரப்பு முழுவதுமே ஒரே வயல் மாதிரி கெட்டுப்போயிருக்கும், தனித்தனியாகப் புதுப் புற்று முளைக்கும் என்று ஸ்லாட்டரும் கூட்டாளிகளும் வாய்ப் புற்றை வைத்து 1953-லேயே சொல்லிவிட்டார்கள். புகை பட்ட தொண்டை, உணவுக்குழாய், நுரையீரலுக்கும் அதைப் பிறகு பொருத்திப் பார்த்தார்கள். புதிதாக வந்த நுரையீரல் புற்று என்றால் சிகிச்சை வேறு, வாய்ப்பும் வேறு. இரண்டும் ஸ்குவாமஸ் வகை என்றால் மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். முதல் கட்டியின் பயாப்ஸி பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த துண்டை) தேடி எடுத்து, பி16 என்ற புரதம், எச்.பி.வி., மரபணுச் சோதனை என்று ஒப்பிடச் சொல்லலாம். பிளாக்குகளை மருத்துவமனை நிரந்தரமாக வைத்திருக்கும் என்று நம்பாதீர்கள், கேட்டு வாங்கி வையுங்கள்.

2023 செப்டம்பர் 30

பெட் ஸ்கேனில் வயிற்றுத் தழும்பு ஒளிர்ந்தது. வீடே இடிந்துபோனது. பிறகு பார்த்தால் ஆறுகிற தழும்பு. பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் தின்னும் இடத்தைக் காட்டும், ஆறும் புண்ணும் தின்னும். ரேடியேஷன் முடிந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரமாவது விட்டுத்தான் எடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

2023 நவம்பர் 12

ஜூன் 17-இல் "வேறு விளக்கம் வேண்டுமா?" என்று எழுதியிருந்தேன். ஒரு புற்றுநோய் டாக்டர் பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறார், நன்றி. அவர் சொல்வது: வயிற்றைத் திறந்து நேராக வைத்த டியூப்களிலும் இப்படி வந்திருக்கிறது. அவை தொண்டையைத் தொடவே இல்லை. ஆகவே ரத்தம் வழியாகச் சுற்றிக்கொண்டிருந்த செல் காயத்தில் வந்து தங்கியதாகவும் இருக்கலாம். இரண்டு வழியும் நடக்கலாம், ஒருவருக்கு எது நடந்தது என்று பின்னால் நிரூபிக்க முடியாது.

யோசித்துப் பார்த்தால் எனக்கு உரசல் கதை பிடித்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் குற்றவாளியைக் கையால் தொட்டுக் காட்டலாம். ரத்தத்தில் சுற்றியது என்றால், வயிற்றில் வந்தது வெறும் முதல் அறிவிப்பு, மற்ற இடங்களிலும் தங்கியிருக்கலாம் என்று ஆகிறது. அது கேட்க விருப்பமில்லாத கதை.

ஆனாலும் கட்டி இருக்கும்போது டியூபைத் தொண்டை வழியாக இழுக்க வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. அந்த டாக்டரும் மாறச் சொல்லவில்லை.

2024 பிப்ரவரி 18

நீண்ட நாள் எழுதவில்லை. நுரையீரலில் புள்ளிகள், ஒன்றுக்கு மேல், இரண்டு பக்கமும். இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமில்லை, பழையதேதான். ஆறுதல் செய்திகளுக்கு நன்றி, இனி அதைத் தவிர்த்து வேறு எழுதுங்கள்.

பெம்புரோலிசுமாப் தொடங்கியிருக்கிறோம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றின் மேல் திருப்பிவிடும் மருந்து. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவது. திரும்பி வந்த தலை, கழுத்துப் புற்றுக்கு அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்த மருந்து, 2019-இல் முதல் கட்ட சிகிச்சைக்கும் வந்தது. கட்டியில் பி.டி.-எல்1 என்ற புரதத்தின் அளவு பார்த்துத்தான் தனியாகக் கொடுப்பதா, கீமோவோடு சேர்ப்பதா என்று முடிவு செய்கிறார்கள். அளவு 1 அல்லது அதற்கு மேல் இருந்து, தனியாகக் கொடுத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கும். சுருங்குகிறவர்களுக்கு அது நீண்ட காலம் நிற்கிறது. அண்ணன் எழுதியது: "மத்த நாலு பேர் யாருன்னு கேட்டு வை, வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்போம்."

ஸ்டோமா உள்ளவர்கள் கவனிக்க. இந்த மருந்து நுரையீரலில் அழற்சி உண்டாக்கலாம். வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குவது. கழுத்துத் துளையால் மூச்சு விடுபவருக்கு இருமலும் சளியும் எப்போதுமே இருப்பதால் "வழக்கமானதுதான்" என்று விட்டுவிடுவோம். அதனால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியில் தினமும் பார்த்து எழுதி வைக்கிறோம். தைராய்டும் பார்க்க வேண்டும். கழுத்து ரேடியேஷனால் ஏற்கெனவே குறைந்திருக்கும், இது இன்னும் குறைக்கும். அண்ணன் சோர்ந்து படுத்தே கிடந்தபோது நோய் முற்றிவிட்டது என்று நினைத்தோம். டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்து தைராய்டு மாத்திரை அளவைக் கூட்டினார்கள், எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

2024 மே 5

முதல் ஸ்கேன்: புள்ளிகள் வளரவில்லை. சுருங்கவும் இல்லை. வயிறும் ஸ்டோமாவும் சுத்தம். இப்போதைக்கு இவ்வளவுதான் செய்தி.

2024 மே 21

நேற்று ஒரு அக்கா கேட்டது முக்கியம். கணவருக்கு அடுத்த வாரம் டியூப் போடுகிறார்கள், கட்டி தொண்டையில் இருக்கிறது, என்ன கேட்க வேண்டும் என்று.

அக்கா, ஒரே கேள்வி போதும்: "டியூபை வாய் வழியாக இழுத்து வைப்பீர்களா, வயிற்றுத் தோல் வழியாக வைப்பீர்களா?" தோல் வழியாக வைக்கும் முறையில் டியூப் தொண்டையைத் தொடாது. எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே ரேடியாலஜி டாக்டரும் அப்படி வைக்கலாம். கொஞ்ச நாளுக்குத்தான் தேவை என்றால் மூக்கு டியூபே போதுமா என்றும் கேட்கலாம். அதுவும் தொண்டை வழியாகத்தான் போகிறது, ஆனால் எந்தக் காயத்துக்குள்ளும் போய் முடிவதில்லை. எல்லா இடத்திலும் எல்லா முறையும் இருக்காது. இழுக்கும் முறை மட்டும்தான் உண்டு, ஆள் பட்டினியில் இளைத்துக்கொண்டே போகிறார் என்றால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். நூற்றில் ஒன்றுக்கும் குறைவான ஒன்றுக்காக உடம்பைப் பட்டினி போட வேண்டாம், ரேடியேஷனைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும்.

தோல் வழியாக வைத்தால் ஒரு தொந்தரவு உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அந்த டியூப்கள் பெரும்பாலும் உள்ளே ஒரு சின்ன பலூனால் நிற்பவை. பலூனில் இருக்கும் தண்ணீர் மெல்லக் குறையும், குறைந்தால் டியூப் உருவிக்கொண்டு வரும். எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும், எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால் ஓட்டை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பித்துவிடும், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். டியூப் போட்ட புதிதில் நீங்களாக உள்ளே திருப்பித் தள்ளவே கூடாது, துளை உறுதிப்படாமல் இருந்தால் இரைப்பைக்குப் பதிலாக வயிற்றுக் குழிக்குள் போய்விடும். கழன்று வந்த டியூபையும் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு போங்கள், அதில்தான் அளவு எழுதியிருக்கும்.